ஊராட்சியும் பெண்களின் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து எழுதியது இது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். மகளிர் குழுக் கூட்டங்களிலும் கிராம சபை முடிந்து கலையும்போதும் பெண்கள் கேட்கிற கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்களின் பாதுகாப்பு போலீஸ் வேலைதானே? இதில் ஊராட்சிக்கு என்ன பங்கு?

குற்றம் நடந்த பிறகு வருவது போலீஸ். குற்றம் நடக்க வசதியாக ஓர் இடம் ஊருக்குள் இருக்கிறதா என்பது ஊராட்சியின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 110-வது பிரிவைப் பாருங்கள். கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய பணிகள் அதில் வரிசையாக இருக்கின்றன: ஊர்ச் சாலைகள், குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, வடிகால், பொதுக் கழிப்பறை, குடிநீர். மேலோட்டமாகப் பார்த்தால் பெண்களுக்கென்று அதில் எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, இரவு எட்டரை மணிக்குக் காலனிக்குத் தனியாக நடந்து வருகிற மில் வேலைப் பெண்ணிடம் கேளுங்கள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் முழுவதும் பாதுகாப்புதான்.

ஒரு விளக்கு எரியாததால் டியூஷனை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிற பெண்கள் உண்டு. இவையெல்லாம் எந்தக் காவல் நிலையத்தின் கணக்கிலும் வராது. ஊராட்சியின் கணக்கில் வந்தாக வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்கிறார்களே, அது எப்படி வந்தது?

அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு என்றது அது. நகர்ப்புறங்களுக்கு 74-வது திருத்தம். தமிழ்நாட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கை 50 சதவீதமாக உயர்த்தி 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்குகளால் தள்ளிப்போனது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது.

அந்த நகர்ப்புறத் தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னை மேயராக ஆர். பிரியா வந்தார். 1957-ல் தாரா செரியன், 1971-ல் காமாட்சி ஜெயராமன் இருவருக்கும் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த மூன்றாவது பெண், முதல் தலித் பெண். அவ்வளவு பழமையான மாநகராட்சியில் மூன்றாவது என்பதை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் தலைவர் பெண்தான். ஆனால் பேசுவதும் முடிவெடுப்பதும் அவர் வீட்டுக்காரர். இதற்கு என்ன செய்வது?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டப்படி தலைவரின் கணவருக்கு ஊராட்சியில் எந்தப் பொறுப்பும் கிடையாது. மன்றக் கூட்டத்தில் அவர் உட்காரக் கூடாது, தலைவர் நாற்காலியில் உட்காரவே கூடாது. கிராம சபையில் ஒரு வாக்காளராக வந்து பேசலாம், அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்ததாரரும் அவரைத்தான் தேடிப் போகிறார், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வருகிற போனும் அவருக்குத்தான் வருகிறது. இது நாடு முழுக்க இருக்கிற நோய். உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது.

ஊரில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த வேலையாக இருந்தாலும் தலைவரிடமே பேசுங்கள். மனுவை அவர் கையில் கொடுங்கள், அவர் கையெழுத்தோடு ஒப்புகை வாங்குங்கள். “அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்” என்று வந்துவிடாதீர்கள். நான்கு பெண்களாகச் சேர்ந்து போய், “தலைவரம்மா, உங்ககிட்டதான் பேசணும்” என்று சொல்லி உட்கார்ந்தால், முதல் முறை கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். மூன்றாவது நான்காவது முறையில் தலைவரே பதில் சொல்லத் தொடங்குவார். முதல் வருடம் வாயே திறக்காமல் இருந்து, ஐந்தாம் வருடம் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம் மல்லுக்கு நின்ற பெண் தலைவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆள் இருந்தால் பேச்சு வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். பெண், அதுவும் பட்டியல் சாதிப் பெண் தலைவராக வரும் இடங்களில், துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது பழைய தந்திரம். “இந்தம்மா ஒண்ணும் செய்யல” என்று ஊரே பேசும்போது, பணம் எந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று கிராம சபையில் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்தத் தலைவருக்கு நாம் செய்கிற பெரிய உதவி.

பதவிக்கு வந்த பெண்களுக்கே பாதுகாப்பு இருக்கிறதா?

பல இடங்களில் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பெண் அதிகாரம் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மதுரை வில்லாபுரத்தில் 1996-ல் மாமன்ற உறுப்பினரானவர் லீலாவதி. நெசவுத் தொழிலாளி, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டார். தண்ணீரை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நெல்லை மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முயன்றதை ஒட்டிய பகையில் 2011 ஜூன் மாதம் அரிவாளால் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்ததே பெரிது. 13 ஆண்டுகள் கழித்து, 2024-ல்தான் நெல்லை நீதிமன்றம் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஒருவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

தண்ணீர், கழிப்பறை, நாற்காலி. இவ்வளவு சாதாரணமான விஷயங்களுக்காகத்தான் இந்தப் பெண்கள் தாக்கப்பட்டார்கள், அவமதிக்கப்பட்டார்கள். உங்கள் ஊரில் ஒரு பெண் உறுப்பினருக்கு மிரட்டல் வந்தால் அதை அவர் வீட்டு விவகாரமாக விட்டுவிடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கவும், நகலை ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் அனுப்பவும் கூடவே போய் நில்லுங்கள். அவர் பட்டியல் சாதியினராக இருந்தால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியைத் தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டித் தடுப்பது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம்.

கிராம சபையில் பெண்கள் இதைப் பேச முடியுமா? பேசினால் நடக்குமா?

முடியும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபையின் உறுப்பினர்தான். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாளாக இருந்தது, 2022-ல் ஆறாக்கினார்கள். குறைந்தபட்ச வருகைக் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 10,000 பேருக்கு மேல் உள்ள இடத்தில் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

நடக்குமா என்பது, நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. “ஊர்ல லைட்டே எரியல” என்றால் “பார்க்கிறோம்மா” என்று பதில் வரும், கூட்டம் கலையும். “கிழக்குத் தெருவில் ரேஷன் கடைக்கும் வாட்டர் டேங்குக்கும் நடுவில் ஐந்து கம்பம், அதில் மூன்றில் விளக்கு இல்லை, கம்ப எண்கள் இவை” என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது. அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் பிடிவாதமாக இருங்கள்.

பெண்கள் தனியாகக் கூடி முதலில் பேசிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கிராம சபைக்கு முன்னால் மகளிர் சபை நடத்த வேண்டும் என்று மத்திய அமைச்சகமே வலியுறுத்துகிறது. உங்கள் ஊரில் யாரும் நடத்தவில்லையா? சரி, மகளிர் குழுக் கூட்டத்தையே அதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்கள் அங்கேதான் வெளியே வரும். எந்தச் சந்தில் யார் நின்று வம்பு செய்கிறான் என்பதை ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

எந்தெந்த இடம் பாதுகாப்பில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்து பாருங்கள். வேறு வழி தேவையில்லை. இருட்டிய பிறகு, ஏழரை மணிக்கு மேல், ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஊரைச் சுற்றி வாருங்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, வேலைக்குப் போகிறவர் ஒருவர், வயதான பாட்டி ஒருவர், முடிந்தால் கால் ஊன்றி நடக்கச் சிரமப்படுபவர் ஒருவர். வார்டு உறுப்பினரையும் ஊராட்சி செயலரையும் கூப்பிடுங்கள், கண்டிப்பாகக் கூப்பிடுங்கள்.

நடக்கும்போது என்ன தெரியும்? விளக்கு இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் புங்கமரக் கிளை அடைத்துக்கொண்டிருக்கும், வெளிச்சம் மரத்துக்கு மேலேயே நின்றுவிடும். பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கும், மூன்று பக்கமும் சுவர் எழுப்பி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபடி கட்டியிருப்பார்கள். கழிப்பறைக்கு நல்ல பூட்டுப் போட்டிருக்கும், சாவி யாரிடம் என்றால் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்கு வழியில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். பகலில் தினமும் அதே வழியில் போகிற செயலர் இதையெல்லாம் கவனித்திருக்கவே மாட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். பல ஊராட்சிகளில் தெருவிளக்கைப் போடுவதும் அணைப்பதும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்தான். அவர் சாயங்காலம் வேறு வேலையாகப் போய்விட்டால் ஏழரை மணி வரை தெரு இருட்டு. பெண்கள் வேலை விட்டு வரும் நேரமும் அதுதான். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவு கிடையாது, நேரத்தைச் சொல்லி வைத்தால் போதும். விளக்கு இல்லாததையும் விளக்குப் போடாததையும் பட்டியலில் தனித்தனியாக எழுதுங்கள்.

பணம் இல்லை என்கிறார்களே?

சில ஊராட்சிகளில் உண்மையாகவே இருக்காது, தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில்லுக்கே வருமானம் போய்விடும். ஆனால் எல்லா வேலைக்கும் இந்தப் பதிலை ஏற்காதீர்கள். மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கழிப்பறை இதில் வந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று விட்டிருந்தார்கள். அதற்கு அந்த வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று பெண்களுக்கு உகந்த ஊராட்சி. திட்டம் போடும் மாதத்தில் கேட்காமல், வேலை நடக்கும் மாதத்தில் கேட்டால் “பிளானில் இல்லை” என்பார்கள்.

கேரளத்தில் உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். வார்டு அளவில் ஜாக்ரதா சமிதி என்று பெண்கள் மீதான வன்முறையைக் கவனிக்கும் குழுக்களும் உண்டு. இரண்டுமே நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக்குள் அடி, உதை. ஊராட்சித் தலைவரிடம் சொன்னால் தீர்த்து வைப்பாரா?

அவரிடம் சொல்லலாம், துணைக்கு அழைத்துப் போகலாம். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீங்கள் போக வேண்டியது பாதுகாப்பு அலுவலரிடம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் கொடுக்கலாம். அலுவலர் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனுவை 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பம் நடத்திய வீட்டில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ராத்திரியில் வெளியே தள்ளினால் “அது அவங்க வீடு” என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181, 24 மணி நேரமும். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் கேளுங்கள்.

பாலியல் குற்றத்தை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்கிறார்கள்.

கூடாது. பணம் வாங்கிக்கொண்டு விடுவது, அவனுக்கே கட்டிவைப்பது எதுவும் சட்டத்தில் செல்லாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும், தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பவரும் அதில் குற்றவாளி. பஞ்சாயத்துப் பேசிய தலைவருக்கும் இது பொருந்தும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், “எங்க லிமிட்டு இல்ல” என்று திருப்பி அனுப்பக் கூடாது. குழந்தைகளுக்கு உதவி எண் 1098.

குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால்?

1098-க்குச் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது. ஊராட்சிக்கும் இதில் வேலை உண்டு. தலைவரின் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கிராம சபையில் கேளுங்கள். பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டும் இருப்பது அப்போதுதான் தெரியவரும். கல்யாணத்தை நிறுத்தியதோடு வேலை முடியாது, அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போகிறதா என்று ஒரு வருடமாவது பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், ஆறு மாதத்தில் வேறு ஊர்க் கோயிலில் வைத்துக் கட்டிவிடுவார்கள்.

நான் ஊராட்சித் தூய்மைக் காவலர். மேஸ்திரி தவறாகப் பேசுகிறார். எங்களுக்கெல்லாம் குழு உண்டா?

உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றாலோ, முதலாளியின் மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இதே குழுதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் தாலுகாவிலும் நகராட்சியிலும் புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் யார் என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது என்றால் எழுத உதவுவது குழுவின் கடமை.

நகரத்தில் இருப்பவர்கள்?

கிராம சபை போல உங்களுக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது, கவுன்சிலர்தான் தலைவர். சென்னையில், பெண்களின் பாதுகாப்புக்கென மத்திய அரசு வைத்த நிர்பயா நிதியின் பாதுகாப்பான நகரத் திட்டத்தின் கீழ், பெண்களின் பார்வையில் நகரத்தைத் திட்டமிட மாநகராட்சிக்குள்ளேயே தனிப் பிரிவு ஒன்று உருவானது. மற்ற மாநகராட்சிகளும் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் யாரிடம் போவது?

27 மாவட்டங்களில் 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, ஊராட்சியை நடத்த அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் மனுவைத் தனி அலுவலரிடம் கொடுங்கள். கிராம சபை அப்போதும் கூடும். ஆனால் பெண்கள் பாதி இடத்தில் உட்கார்ந்திருந்த மன்றமே இல்லாமல் போவது சாதாரண விஷயமல்ல. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அந்த ஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கிறது. குறித்த காலத்தில் தேர்தல் நடத்து என்பதும் பெண்களின் கோரிக்கைதான்.

தீர்மானம் போட்டும் வேலை நடக்கவில்லை. அடுத்து?

அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, போன கூட்டத்துத் தீர்மானங்களின் நிலை என்ன என்று கேளுங்கள். அப்புறம் தீர்மான நகலோடு பி.டி.ஓ.விடம் மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. முதல்வரின் 1100 எண்ணிலும் பதியலாம். எதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். “எங்கள் ஊராட்சியில் கடந்த நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, எந்தெந்தத் தெருவில், எந்தத் தேதியில், ரசீது நகல் தரவும்” என்று கேளுங்கள். ஒருவர் பெயரில் போடாமல் குழுவில் ஐந்தாறு பேர் தனித்தனியாகப் போடுங்கள், அப்போது யாரையும் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது. ஒப்புகைச் சீட்டுகளை எல்லாம் மகளிர் குழுவின் தீர்மான நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.